கெர்னலின் காலப்பிரமாணம்

கர்நாடக சங்கீதத்தைச் சிறிதளவேனும் ஊன்றிக் கேட்டவர்கள், வேகம் வேறு, காலப்பிரமாணம் வேறு என்பதை நன்கு அறிவார்கள். விளம்ப காலத்தில் ஒரு கீர்த்தனத்தை எடுத்த வித்வான், சங்கதிகள் எத்தனை அடுக்கி வந்தாலும், நிரவலும் கற்பனை ஸ்வரமும் எவ்வளவு தூரம் விரிந்தாலும், தாளத்தின் ஒவ்வொரு தட்டும் முந்தாமலும் பிந்தாமலும் தன் இடத்திலேயே விழும்படி காத்து நிற்பாரானால், அவரைக் காலப்பிரமாணம் தவறாதவர் என்று ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். துரித காலத்தில் பாய்ந்து பாடிவிட்டு எடுப்பில் வந்து சேரத் தவறுகிறவரை அவ்வாறு கொண்டாடுவதில்லை. கணிப்பொறித் துறையில் 'ரியல் டைம்' என்று வழங்கப்படும் குணம் இந்தக் காலப்பிரமாணத்தையன்றி வேறில்லை. ஒரு காரியம் எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்பது அங்கே கேள்வியன்று; எந்த நெருக்கடியிலும் குறித்த காலத்துக்குள் முடியும் என்று உறுதி கூற இயலுமா என்பதே கேள்வி.

இந்த உறுதியை வேண்டி நிற்கும் கணிப்பொறிகள் பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மோட்டார் வாகனத்தின் பிரேக்கிலும், மாடிக்கு மாடி ஏறி இறங்கும் லிஃப்டிலும், ஆஸ்பத்திரியில் நரம்பின் வழியே மருந்து செலுத்தும் பம்பிலும், பட்டறையில் இரும்பைக் கடையும் லேத்திலும், தமக்கென்று திரையோ விசைப்பலகையோ இல்லாமல், யந்திரத்தின் உடம்போடு உடம்பாக உறைந்து கிடந்து வேலை செய்யும் இவற்றையே 'எம்பெடட்' கணிப்பொறிகள் என்று துறையினர் சொல்கிறார்கள். மேசைமேல் இருக்கும் கணிப்பொறி ஒரு வினாடி திகைத்து நின்றால் நமக்குச் சிறிது எரிச்சல் உண்டாகும், அவ்வளவே. வாகனம் மோதிய பின் சில பத்து மில்லிவினாடிகளுக்குள் விரிந்தாக வேண்டிய காற்றுப்பைக்கு ஆணையிடும் கணிப்பொறி அவ்வாறு திகைக்குமானால், பின்னர் அது எவ்வளவு பொருத்தமான ஆணையைப் பிறப்பித்தாலும் ஒருவருக்கும் பிரயோஜனம் இல்லை. காலம் கடந்து வந்த சரியான விடையை இத்துறையினர் தவறான விடைகளோடு சேர்த்தே எண்ணுகிறார்கள்.

எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைக்கப்பட்ட லினக்ஸ் என்னும் மென்பொருள் இந்தக் காலப்பிரமாணத்தைக் கற்றுக்கொள்ள, 2004 முதல் 2024 வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டுகளில் முயற்சியின் சுமையைத் தலைமை தாங்கிச் சுமந்தவர் தாமஸ் கிளைக்ஸ்னர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர். மைக்ரோவினாடிகளைக் காப்பதற்கு இருபது ஆண்டுகள் ஏன் வேண்டியிருந்தன என்பதும், அந்த நீண்ட உழைப்பின் சுபாவம் எத்தகையது என்பதும் ஆராயத்தக்க விஷயங்கள். இவ்வளவு காலம் சென்றதை ஒரு குறையாக எண்ணுவோர் உண்டு. அந்தக் காலத்திலேதான் அவ்வேலையின் சாரம் அடங்கியிருக்கிறது என்பது என் கட்சி.

பிரச்சினையின் வேரைக் காண நாம் செவ்வாய்க் கிரகம் வரை செல்ல வேண்டும். 1997-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி, அமெரிக்காவின் நாசா அனுப்பிய பாத்ஃபைண்டர் என்னும் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. படங்கள் வந்தன, உலகம் வியந்தது. ஆனால் வானிலைத் தகவல்களைச் சேகரிக்கத் தொடங்கிய சில நாட்களில், கலத்தின் கணிப்பொறி இருந்தாற்போலிருந்து தன் வேலைகளையெல்லாம் கைவிட்டு, முதலிலிருந்து மீண்டும் தொடங்கலாயிற்று. இத்தனைக்கும் அதில் இயங்கியது, காலந்தவறாமைக்கென்றே உருவாக்கப்பட்ட வி.எக்ஸ்.வொர்க்ஸ் என்னும் வணிக மென்பொருள். கலிபோர்னியாவில் உள்ள ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தின் பொறியாளர்கள், கலத்தில் இருந்ததைப் போன்ற மற்றொரு கணிப்பொறியைத் தரையில் வைத்து, அதே வேலைகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, எந்தக் கணத்தில் எந்தப் பணி ஓடுகிறது என்று பதிவு செய்து, குற்றத்தைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள்.

கலத்தினுள் தகவல்களைக் கொண்டுசெல்லும் பொதுப் பாதை ஒன்று இருந்தது. அதைப் பயன்படுத்த விரும்பும் பணி எதுவாயினும் முதலில் ஒரு பூட்டின் சாவியைப் பெற வேண்டும். பாதையை மேற்பார்வையிடும் பணிக்கு உயர்ந்த முன்னுரிமை. செய்தித் தொடர்புப் பணிக்கு நடுத்தரம். வானிலைத் தகவல் சேர்க்கும் பணிக்குத் தாழ்ந்த முன்னுரிமை. கலெக்டர் ஒரு கோப்புக்காகக் காத்திருக்கிறார், கோப்பு இருக்கும் பீரோவின் சாவி பியூனிடம் இருக்கிறது, அந்தச் சமயம் பார்த்துத் தாசில்தார் அந்தப் பியூனை உட்காரவைத்துவிட்டுத் தம் காரியத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கலெக்டரைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் தாசில்தாருக்கு இல்லை; ஆயினும் அவருடைய செயலால் கலெக்டரே தாசில்தாருக்குக் கீழ்ப்பட்டவர் போல் ஆகிவிடுகிறார். செவ்வாயில் நடந்தது இதுவே. மேற்பார்வைப் பணி குறித்த காலத்தில் முடியவில்லை என்பதைக் கண்ட காவல் ஏற்பாடு, ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டது என்று கருதிக் கணிப்பொறியை மீண்டும் தொடங்கச் செய்தது.

முன்னுரிமை தலைகீழாகும் இந்த நோயை, ஜெராக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய லாம்ப்சன், ரெடெல் ஆகிய இருவர் 1980-லேயே குறித்து வைத்திருந்தார்கள். இதற்கு முறையான சிகிச்சையைக் கணித நிரூபணத்தோடு விளக்கியவர்கள் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயி ஷா, ராஜ்குமார், லெஹோஸ்கி ஆகிய மூவர். அவர்களுடைய கட்டுரை 1990-இல் வெளிவந்தது. மூவரில் ராஜ்குமார், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1984-இல் பொறியியல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர். சிகிச்சை எளிது: சாவியைத் திருப்பிக் கொடுக்கும் வரையில் பியூனுக்குக் கலெக்டரின் அந்தஸ்தை இரவலாகக் கொடுத்துவிட வேண்டும், அப்போது எந்தத் தாசில்தாரும் அவரை உட்காரவைக்க முடியாது. வி.எக்ஸ்.வொர்க்ஸில் இந்த இரவல் முன்னுரிமைக்கான ஏற்பாடு முன்பே இருந்தது. அந்தப் பூட்டுக்கு மட்டும் அது முடுக்கப்படாமல் கிடந்தது. பூமியிலிருந்து ஒரு திருத்தத்தை அனுப்பி அதை முடுக்கினார்கள்; நோய் தீர்ந்தது. 1997 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய அறிஞர் மாநாட்டில் இந்த வரலாறு சொல்லப்பட்டபோது, கட்டுரையாசிரியர் மூவரும் சபையிலேயே இருந்தார்கள் என்பதும், அவர்களை எழுந்து நிற்கச் சொல்லிச் சபையோர் கரகோஷம் செய்தார்கள் என்பதும், தத்துவத்துக்கும் தொழிலுக்கும் உள்ள உறவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி தரும் செய்திகள்.

பாத்ஃபைண்டருக்கு ஒரு முடுக்கு போதுமானதாயிருந்தது. லினக்ஸுக்கு மட்டும் ஏன் இருபது ஆண்டுகள்?

ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம் வீட்டில் இருந்த 386 ரகக் கணிப்பொறிக்காக எழுதத் தொடங்கிய, லினக்ஸின் கெர்னலாகிய மைய நிரலைப் பற்றி 1991 ஆகஸ்டு 25-ஆம் தேதி உலகுக்குத் தெரிவித்தார். அடுத்த ஆண்டில் அதை, ரிச்சர்டு ஸ்டால்மன் வகுத்த பொது உரிமத்தின் கீழ் வைத்தார். யார் வேண்டுமானாலும் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் அவ்வாறு கொடுக்கும்போது, தாம் பெற்ற அதே சுதந்திரத்தைப் பெறுகிறவருக்கும் மூலநிரலோடு கொடுத்தாக வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எம்பெடட் பொறியாளர்களுக்கு இது பெரும் வரப்பிரசாதமாயிற்று. பிழை வந்தால் கடைசி வரி வரையில் திறந்து பார்க்கலாம். விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் கப்பம் கட்ட வேண்டியதில்லை. நெட்வொர்க், கோப்பு முறை, சாதனங்களை இயக்கும் எண்ணற்ற டிரைவர்கள் ஆகிய யாவும் ஆயத்தமாகக் கிடைத்தன.

கிடைக்காதது காலந்தவறாமை ஒன்றுதான். லினக்ஸ் பலபேர் பகிர்ந்துகொள்ளும் கணிப்பொறிகளின் சம்பிரதாயத்தில் பிறந்தது. எல்லோருக்கும் நியாயமான பங்கு, மொத்தத்தில் அதிக வேலை என்பனவே அதன் இலட்சியங்கள். ஆரம்பகால லினக்ஸின் கடிகாரம் வினாடிக்கு நூறு முறை துடித்தது. ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் இடையே பத்து மில்லிவினாடி. அதனினும் நுண்ணிய காலத்தைக் குறித்து எழுப்பச் சொன்னால் அதற்கு எழுப்பத் தெரியாது. கெர்னல் ஏதேனும் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால், வெளியே எவ்வளவு அவசரம் காத்து நின்றாலும், தன் காரியத்தை முடித்துவிட்டே திரும்பும். 'ஸ்பின்லாக்' என்று சொல்லப்படும் பூட்டுக்குக் காத்திருக்கும் பணியோ, ஒதுங்கி உட்கார்ந்து பிறருக்கு வழிவிடாமல், கதவைத் தட்டிக்கொண்டே நிற்கும். அந்நேரம் முழுவதும் அந்தச் செயலி வேறு எவருக்கும் உதவாது. பாத்ஃபைண்டரில் ஒரு பூட்டு. இங்கே ஆயிரக்கணக்கான பூட்டுகள்.

முதலில் இப்பிரச்சினையை அணுகியவர்கள் சாமர்த்தியமான ஒரு குறுக்கு வழியைக் கண்டார்கள். நியூ மெக்சிகோவில் விக்டர் யோடைகன் என்னும் பேராசிரியரும் அவருடைய மாணவர் மைக்கேல் பாரபானவும் 1990-களின் இடையில், லினக்ஸின் அடியில் சிறியதோர் கெர்னலை வைத்து, காலம் தவறக்கூடாத பணிகளை அதனிடம் ஒப்படைத்து, லினக்ஸ் முழுவதையுமே அச்சிறு கெர்னலின் கடைசிப் பணியாக, வேறு வேலை இல்லாதபோது மட்டும் ஓடும்படி செய்தார்கள். ஆர்.டி.லினக்ஸ் என்று பெயர் பெற்ற அந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. இத்தாலியில் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பாவ்லோ மாண்டெகாட்சா, இதே போக்கில் ஆர்.டி.ஏ.ஐ. என்னும் ஏற்பாட்டை வளர்த்தார். ஆனால் இரண்டு சங்கடங்கள் எழுந்தன. யோடைகனின் உத்திக்கு 1999-இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டதனால், பொதுச் சொத்தின்மேல் தனியுரிமையின் நிழல் விழுந்ததோ என்ற அச்சம் பலருக்கு உண்டாயிற்று. அதனினும் ஆழமான சங்கடம், ஒரே வீட்டுக்குள் இரண்டு குடித்தனம் ஏற்பட்டதுதான்: கீழ்க் கெர்னலில் ஓடும் பணிக்கு லினக்ஸின் செல்வங்களாகிய டிரைவர்களும் நெட்வொர்க்கும் பயன்படா, பயன்பட வேண்டுமானால் அவற்றைத் திரும்பவும் தனியே எழுத வேண்டும்.

2004 அக்டோபரில் வேறொரு வழி திறந்தது. ஹங்கேரியரான இங்கோ மோல்நார், லினக்ஸின் அடியில் எதையும் வைக்காமல், லினக்ஸையே காலந்தவறாததாக மாற்றும், 'பாட்ச்' எனப்படும் ஒட்டு நிரல் ஒன்றை வெளியிட்டார். ஸ்பின்லாக்குகளை, காத்திருப்போர் ஒதுங்கி உறங்கக்கூடிய பூட்டுகளாக மாற்றி, அவற்றுக்கு ராஜ்குமாரும் பிறரும் வகுத்த இரவல் முன்னுரிமையைக் கொடுப்பது. வெளிச் சாதனங்களிலிருந்து வரும் இன்டரப்டுகளை, வந்த மாத்திரத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கவனிக்காமல், முன்னுரிமை வரிசையில் நிற்கும் சாதாரணப் பணிகளாக்குவது. இவ்விரண்டும் அதன் தூண்கள். இதை மோல்நாரோடு சேர்ந்து வளர்க்க வந்தவர்களில் முதன்மையானவர் கிளைக்ஸ்னர். அவர் எம்பெடட் துறையிலிருந்தே வந்தவர். சிறு கருவிகளின் நினைவகமாகிய நாண்ட் ஃபிளாஷுக்குரிய லினக்ஸ் டிரைவரில் 2002 முதல் அவருடைய கைவண்ணம் உண்டு. 2006-இல் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரை ஊராகிய உல்டிங்கனில் லினூட்ரோனிக்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அவர்கள் கைக்கொண்ட நெறி இங்கே கவனிக்கத்தக்கது. தனியே ஓர் ஒட்டாகவே வைத்துக்கொண்டு, வேண்டியவர்களுக்கு மட்டும் வழங்கிக்கொண்டிருப்பது எளிது. பொதுக் கெர்னலுக்குள் அதைச் சேர்க்க வேண்டுமானால், காலந்தவறாமையைப் பற்றிக் கவலையே இல்லாத கோடிக்கணக்கான கணிப்பொறிகளுக்கு அதனால் தீங்கு விளையாது என்று காட்ட வேண்டும். நன்மை விளையும் என்று காட்டினால் இன்னும் சிறப்பு. ஆதலின் தங்களுக்கு ஓர் அறை வேண்டும் என்று வந்தவர்கள், வீடு முழுவதற்கும் அஸ்திவாரத்தைப் புதுப்பிக்கும் வேலையை மேற்கொண்டார்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் நீஹாஸோடு சேர்ந்து கிளைக்ஸ்னர் வகுத்த நுண்காலக் கடிகார முறை 2006-இல் கெர்னலில் சேரத் தொடங்கியது. துடிப்பை எண்ணும் பழைய கணக்கின் கட்டு நீங்கி, நானோவினாடி அளவில் காலத்தைக் குறிக்க வழி பிறந்தது. அந்த அஸ்திவாரத்தின் மேல் 2007-இல் எழுந்ததே, வேலையில்லாதபோது கடிகாரத் துடிப்பையே நிறுத்திவைக்கும் ஏற்பாடு. இன்று நம் சட்டைப்பையில் உறங்கும் ஆண்ட்ராய்டு கைபேசி, வீணாக வினாடிதோறும் நூற்றுக்கணக்கான முறை விழித்தெழாமல் மின்கலத்தைக் காப்பதற்கு இது முக்கியமான காரணம். லேத்துக்காகத் தேடிய நுட்பம் கைபேசிக்குப் பலன் தந்தது.

இவ்வாறே, பூட்டுகளை எந்த வரிசையில் பூட்டினால் ஒன்றையொன்று எதிர்பார்த்து எல்லாம் முடங்கிப்போகும் என்பதை முன்கூட்டியே கண்டுசொல்லும் லாக்டெப் 2006-இலும், கெர்னலுக்குள் எந்தச் செயல் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று துருவிக் காட்டும், ஸ்டீவன் ரோஸ்டெட் உருவாக்கிய எஃப்ட்ரேஸ் 2008-இலும், இன்டரப்டுகளைப் பணிகளாக்கும் முறை 2009-இலும் பொதுக் கெர்னலில் இடம் பெற்றன. கெர்னல் முழுவதையும் ஒரே சாவியால் பூட்டிவைத்திருந்த பழைய பெரும்பூட்டு 2011-இல் அடியோடு நீங்கியது. பலரும் பல ஆண்டுகள் முயன்று செய்த காரியம் அது. ஒட்டின் பகுதிகள் ஒவ்வொன்றாகப் பொதுவீட்டில் குடியேறக் குடியேற, வெளியே எஞ்சி நின்றது இளைத்துக்கொண்டே வந்தது.

காலந்தவறாமையை எவ்வாறு பரீட்சிப்பது? கிளைக்ஸ்னர் எழுதிய சைக்ளிக்டெஸ்ட் என்னும் சிறு நிரலின் தத்துவம் ஒரு குழந்தைக்கும் விளங்கும். இன்ன நேரத்தில் என்னை எழுப்பு என்று கெர்னலிடம் சொல்லிவிட்டு அது உறங்குகிறது. எழுந்தவுடன் கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை மைக்ரோவினாடி தாமதமாக எழுப்பப்பட்டோம் என்று குறித்துக்கொண்டு, மீண்டும் உறங்குகிறது. 2005-இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட ஓ.எஸ்.ஏ.டி.எல். என்னும் அமைப்பு, பலவகைக் கணிப்பொறிகளை வரிசையாக அடுக்கி வைத்து இப்பரீட்சையை நடத்திவருகிறது. 200 மைக்ரோவினாடிக்கு ஒரு முறையாகப் பத்துக் கோடி முறை எழுப்பும் பரீட்சைக்கு 5 மணி 33 நிமிஷம் ஆகும். அதன் முடிவை வரைபடமாகத் தீட்டினால், இடப்புறம் ஒரு குன்று எழுந்து சரிகிறது. கோடிக்கணக்கான விழிப்புகள் சில மைக்ரோவினாடித் தாமதத்திலேயே குவிந்து கிடக்கின்றன. அனுபவமுள்ள பொறியாளரின் கண் அந்தக் குன்றின்மேல் நிற்பதில்லை. வலக்கோடியில் தன்னந்தனியே ஒரு புள்ளி விழுந்திருக்கிறதா என்று தேடுகிறது. பத்துக் கோடியில் ஒரே ஒரு முறை பிந்தினாலும் அந்த ஒன்றே கணக்கு. சராசரியைப் போற்றும் இக்காலத்தில், எல்லாவற்றிலும் மோசமான ஒன்றைத் தேடிச் சென்று அதற்குப் பொறுப்பேற்கும் இந்த மனப்பான்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

பொறுப்பேற்றவர்களை உலகம் தாங்கியதா என்றால், எப்போதும் தாங்கியது என்று சொல்வதற்கில்லை. இந்த ஒட்டை நம்பித் தொழில் நடத்திய நிறுவனங்கள் பல. அதன் பராமரிப்புக்குப் பொருள் கொடுத்தவை சில. 2014-இல் நிலைமை முற்றியது. போதிய உதவி இல்லையாதலால், இனி இவ்வேலை ஓய்வு நேரத்தில் செய்யும் அளவுக்குச் சுருங்கும் என்று கிளைக்ஸ்னர் வெளிப்படையாக அறிவிக்க நேர்ந்தது. திறமூல மென்பொருளின் பலவீனம் இதில் தெளிவாகத் தெரிகிறது. ஊர்ப்பொதுக் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் சேந்துகிறார்கள். தூர் வாருகிறவருக்குக் கூலி கொடுப்பது யார் என்ற கேள்வி கிணறு வற்றும்போதுதான் எழுகிறது. 2015 அக்டோபரில் லினக்ஸ் ஃபவுண்டேஷன், பல நிறுவனங்களைச் சேர்த்து இதற்கென ஒரு கூட்டுத் திட்டத்தை அமைத்த பிறகே வேலை மீண்டும் சூடு பிடித்தது. 2022-இல் லினூட்ரோனிக்ஸை இன்டெல் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

இடைக்காலத்தில் கிளைக்ஸ்னரின் கைக்கு வேறு காரியங்களும் வந்துசேர்ந்தன. இன்டெல் வகைச் செயலிகளுக்குரிய கெர்னல் பகுதிகள் 32 பிட்டுக்கு ஒன்றும் 64 பிட்டுக்கு ஒன்றுமாகப் பிரிந்து கிடந்ததை, 2007-இல் அவரும் தோழர்களும் ஒன்றாக இணைத்தார்கள். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் செயலிக் குறைபாடுகள் வெளியாகி உலகம் கலங்கியபோது, லினக்ஸுக்கு வேண்டிய பாதுகாப்பை அமைத்தவர்களின் முன்வரிசையில் அவர் நின்றார். காலந்தவறாமையைத் தேடிக் கெர்னலின் மூலைமுடுக்குகளையெல்லாம் துருவியவருக்கு, ஆபத்து வந்த நாளில் எந்தத் தூணைத் தொட்டால் எந்தச் சுவர் அசையும் என்பது தெரிந்திருந்தது. ஒரே கேள்வியைப் பல்லாண்டு விடாமல் பற்றி நிற்பவரின் அறிவு குறுகிவிடும் என்ற பொது அபிப்பிராயத்துக்கு இது தக்க மறுப்பு.

கடைசியாக எஞ்சி நின்ற தடை, கெர்னல் தன் செய்திகளை வெளியே எழுதும் பிரின்ட்கே என்னும் எளிய வசதி. எம்பெடட் கருவிகளில் இச்செய்திகள் பெரும்பாலும் சீரியல் கம்பி வழியே செல்கின்றன. அக்கம்பியில் வழக்கமான வேகம் வினாடிக்கு 1,15,200 பிட். ஓர் எழுத்துக்குப் பத்துப் பிட்டாகக் கணக்கிட்டால் வினாடிக்கு 11,520 எழுத்து. எண்பது எழுத்துக் கொண்ட ஒரே ஒரு வரி வெளியேற ஏறக்குறைய ஏழு மில்லிவினாடி பிடிக்கும். நூறு மைக்ரோவினாடிக்குள் எழுப்புவேன் என்று வாக்களித்த கெர்னல், ஒரு வரிச் செய்தியைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த வாக்கை எழுபது மடங்கு மீறிவிடும். செய்திகளைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தாலோ, கெர்னல் நொறுங்கி விழும் தருணத்தில் அதன் கடைசி வார்த்தைகள் வெளிவராமலே போய்விடும். அந்த வார்த்தைகள் இல்லாவிட்டால் மரண காரணம் ஒருபோதும் தெரியாது. இரண்டு நியாயங்களும் வலியவை. லினூட்ரோனிக்ஸைச் சேர்ந்த ஜான் ஓக்னெஸ், பூட்டே இல்லாமல் செய்திகளைச் சேர்த்து வைக்கும் வளையத்தை அமைத்து, அது 2020-இல் கெர்னலில் சேர்ந்த பிறகு, சாதாரண காலத்தில் தனிப்பணி ஒன்று நிதானமாகச் செய்திகளை எழுதவும், ஆபத்துக் காலத்தில் மட்டும் கெர்னலே நேராக எழுதவும் வழி செய்தார். செய்தி எழுதும் ஒரு சிறு வசதிக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் சென்றன.

2024 செப்டம்பரில், வியன்னாவில் கெர்னல் பராமரிப்பாளர்கள் கூடியிருந்தபோது, கடைசி ஒட்டைச் சேர்த்துக்கொள்ளும்படி கோரும் விண்ணப்பத்தைக் கிளைக்ஸ்னர் காகிதத்தில் அச்சிட்டு, பொன்னிறத் தாளில் பொதிந்து, நாடா கட்டி, டோர்வால்ட்ஸின் கையிலேயே கொடுத்தார். டோர்வால்ட்ஸ் ஏற்றுக்கொண்டார். அவ்வருஷம் நவம்பர் 17-ஆம் தேதி வெளிவந்த 6.12 பதிப்பு முதல், இன்டெல் வகை, 64 பிட் ஆர்ம், ரிஸ்க்-வி ஆகிய மூன்று குடும்பச் செயலிகளிலும், வெளி ஒட்டு எதுவும் இல்லாமல், காலந்தவறாத லினக்ஸை எவரும் முடுக்கிக்கொள்ளலாம். செவ்வாயில் இருந்ததைப் போன்ற ஒரு முடுக்கு, இருபதாண்டு வேலைக்குப் பின்னர் இங்கேயும் வந்து சேர்ந்தது.

இதனால் எல்லாக் காரியங்களுக்கும் லினக்ஸே போதும் என்று கொள்ளலாகாது. 2021 ஏப்ரல் 19-ஆம் தேதி செவ்வாயின் மெல்லிய காற்றில் முதன்முதல் எழுந்து பறந்த இன்ஜெனுவிட்டி என்னும் சிறு ஹெலிகாப்டரில் லினக்ஸ் இருந்தது. அது கேமராப் படங்களைக் கொண்டு வழியறியும் வேலையைச் செய்தது. இறக்கைகளை நொடிக்கு நொடி அடக்கியாளும் வேலையைத் தனிச் சிறு செயலிகளே ஏற்றிருந்தன. மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்ட கெர்னலின் நடத்தையைக் கணித நிரூபணத்தால் முற்றும் கட்டுப்படுத்த இயலாது. பரீட்சையாலும் அனுபவத்தாலும் பெற்ற நம்பிக்கையே அதற்கு ஆதாரம். தன் வாக்கின் எல்லையை அறிந்து வாக்களிப்பதும் காலப்பிரமாணத்தின் ஓர் அங்கம்.

இருபது ஆண்டு என்பது தாமதமா என்ற கேள்விக்கு இப்போது விடை கூறலாம். வேகம் மட்டுமே வேண்டியிருந்தால் 1990-களில் கண்ட குறுக்கு வழியோடு நின்றிருக்கலாம். நின்றிருந்தால் காலந்தவறாத லினக்ஸ் ஒரு சிலருடைய தனிச்சரக்காகவே இருந்திருக்கும். பொதுச் சொத்தாக வேண்டுமானால் அதைப் பொதுவில் வைத்துத்தான் கட்ட வேண்டும். ஐயம் கொண்டவர்களைக் கட்டளையால் அடக்க முடியாது, சிறந்த நிரலால் இணங்கவைக்கத்தான் முடியும். பிறருடைய பகுதியைத் திருத்தும் முன் அதன் நியாயத்தை அவரினும் நன்றாக அறிந்திருக்க வேண்டும். இவற்றுள் ஒன்றையேனும் அவசரப்படுத்த வழியில்லை. மோல்நார், ரோஸ்டெட், ஓக்னெஸ், பல ஆண்டுகள் ஒட்டைப் புதிய பதிப்புகளுக்குத் தக்கபடி விடாமல் புதுப்பித்துவந்த செபாஸ்டியன் சீவியோர் ஆகிய யாவரும், இன்று சேர்ப்பது என்றோ ஒரு நாள் எவருக்கோ பயன்படும் என்ற உறுதியில் வேலை செய்தவர்கள்.

ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒரு முறை லினக்ஸின் புதிய பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொன்றிலும் புதிய டிரைவர்கள், புதிய பூட்டுகள். அவற்றில் எதுவும் பழைய வாக்கை முறிக்கலாம். முன்பெல்லாம் அதைக் கண்டு திருத்துவது ஒட்டை வைத்திருந்த சிலரின் கவலை. இனி அது கெர்னலைத் தொடும் ஒவ்வொருவரின் கவலை. ஜெர்மனியில் வரிசையாக அடுக்கிய கணிப்பொறிகளில் அந்தச் சிறு நிரல் இன்றும் உறங்கி, எழுந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வலக்கோடியில் ஒரு புள்ளி தனித்து விழுமானால், அது யாருடைய வரியால் விழுந்தது என்று தேடிச் செல்ல, இருபது ஆண்டு பழகிய கண்கள் காத்திருக்கின்றன.